துணி போர்த்திய சிறகுகள்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்பதைச் சிறு வயதிலேயே படித்துவிடுகிறோம். அந்த விமானத்தின் இறக்கைகள் எதனால் ஆனவை என்று கேட்டால் நம்மில் பலர் தகரம் என்போம். சிலர் அலுமினியம் என்போம். உண்மையில் அவை துணியால் ஆனவை. அதுவும் பெண்கள் உள்பாவாடை தைக்க வாங்கும் மலிவான பருத்தித் துணி! தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அதைத் தைத்தவர் அண்ணன் வில்பர் ரைட்.

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் ஒரு புராட்டஸ்டன்ட் சபையின் ஆயர். தாயார் சூசன் கைவேலையில் வல்லவர். பிள்ளைகளுக்குப் பொம்மைகளைத் தாமே செய்து கொடுப்பார். பின்னர் குடும்பம் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் குடியேறியது.

வில்பருக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, பனிக்கட்டியின் மேல் ஆடிய ஹாக்கி விளையாட்டில் மட்டை முகத்தில் பட்டு முன்பற்களை இழந்தார். கல்லூரி செல்லும் எண்ணமும் அத்துடன் நின்றது. அப்போது தாயார் காசநோயால் படுத்திருந்தார். காலையில் அவரை மாடியிலிருந்து கீழே தூக்கி வந்து, இரவில் மீண்டும் மேலே தூக்கிச் செல்வது வில்பரின் வேலை. 1889ல் தாயார் இறக்கும்வரை அவர் அதைச் செய்தார். மற்ற நேரமெல்லாம் தந்தையின் நூலகத்தில் படிப்பு.

1892ல் தம்பி ஆர்விலுடன் சைக்கிள் கடை வைத்தார். 1896ல் ஜெர்மனியின் லிலியந்தால் என்பவர், தாம் செய்த சிறகுகளில் பறந்தபோது விழுந்து இறந்தார். அச்செய்தி வில்பரின் ஆர்வத்தைத் தூண்டியது. பறவைகளைக் கூர்ந்து கவனித்தார். நூல்களை வரவழைத்துப் படித்தார்.

1900ஆம் ஆண்டு முதல் கிளைடருக்கான துணியை வீட்டிலேயே தைத்து எடுத்துக்கொண்டு, வட கரோலினாவின் கிட்டி ஹாக் என்ற கடற்கரைக் குடியிருப்புக்குச் சென்றார். அங்கே காற்று பலமாக வீசும், விழுந்தால் மணல். வழியில் பதினெட்டு அடிச் சட்டம் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. பதினாறு அடிதான் கிடைத்தது. சட்டம் குறைந்தால் துணியும் குறைய வேண்டுமல்லவா? தமக்கு இடம் கொடுத்த டேட் குடும்பத்து அம்மாளிடம் தையல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, துணியை வெட்டித் திரும்பத் தைத்தார். அந்தக் கிளைடருக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 15 டாலர். சோதனைகள் முடிந்ததும் அதை மணலிலேயே விட்டுவிட்டார்கள். டேட் அம்மாள் அந்த ஸாட்டின் துணியைப் பிரித்துத் தம் இரு பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தார்! வானத்தில் பறந்த துணியில் உடுப்பு அணிந்த சிறுமிகள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

துணியைப் போர்த்திய முறையில்தான் வில்பரின் மதிநுட்பம் தெரிகிறது. தையல் வகுப்பில் கிராஸ் பட்டி வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணியை இழைப் போக்கில் இழுத்தால் நீளாது. குறுக்காக இழுத்தால் நீளும். அவர்கள் இழைகள் சட்டத்துக்குச் சாய்வாக அமையும்படி துணியைப் போர்த்தினார்கள். இழைகளே இழுத்துக் கட்டிய கயிறுகள்போல் நின்று சட்டம் கோணாமல் காத்தன. அதனால் கம்பியும் மிச்சம், எடையும் மிச்சம்.

1902ல் அடுத்த கிளைடருக்காக வில்பர் மணிக்கணக்கில் இயந்திரத்தைச் சுற்றினார். ஆர்வில் தரையில் குந்தித் தைக்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தார். வீட்டில் நடமாட இடமில்லை என்று தங்கை கேத்தரின் தந்தைக்கு எழுதினார். இறக்கைகளைத் தைத்தவர் கேத்தரின்தான் என்று ஒரு கதை உண்டு. அவர் கல்லூரியில் பட்டம் பெற்ற லத்தீன் ஆசிரியை. தையல் என்றாலே பெண்ணின் வேலை என்று எண்ணியவர்கள் கட்டிய கதையாகத்தான் அது எனக்குத் தோன்றுகிறது.

1903ஆம் ஆண்டு விமானத்துக்குப் போர்த்தியது 'பிரைட் ஆஃப் த வெஸ்ட்' என்ற பெயருடைய வெளுக்காத மஸ்லின். அதன்மேல் வார்னிஷ்கூடப் பூசவில்லை. எஞ்சின் உட்பட மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதுவும் சைக்கிள் கடையின் வருமானம். அரசாங்கத்திடம் 50,000 டாலர் பெற்ற பேரறிஞர் லாங்லியின் விமானமோ அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, முதலில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். அன்றைய நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி தூரம் பறந்தார்.

1908ல் பிரான்சு நாட்டில் அவர் பறந்து காட்டியபோது உலகமே வியந்தது. சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பறப்பதில்லை. இருவரும் ஒரே விபத்தில் மடியக்கூடாது என்ற தந்தையின் விருப்பப்படி, சேர்ந்து பறந்தது 1910ல் ஒரே ஒரு முறை. அன்றே 81 வயதான தந்தையும் ஆர்விலுடன் பறந்து மகிழ்ந்தார்.

எத்தனையோ முறை வானில் உயிரைப் பணயம் வைத்த வில்பரை மாய்த்தது டைபாய்டு காய்ச்சல். 1912 மே 30 அன்று, 45 வயதில், வீட்டில் இறந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1927ல் ஆர்வில் பழைய விமானத்துக்கு அதே வகைப் புதுத் துணி போர்த்தினார். கழற்றிய பழந்துணியில் ஒரு துண்டை ஆம்ஸ்ட்ராங் 1969ல் நிலவுக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்தார். தபால் தலை அளவுள்ள இன்னொரு துண்டு, 2021 ஏப்ரல் 19ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டரில், சூரியத் தகட்டின் அடியில் ஒட்டப்பட்டிருக்கிறது.