குருவிக்குப் பெயர் தந்தவர்

மாலை ஆறு மணிக்கு மேல் கோயில் கோபுரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புப் பறவைகள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அரிவாள் போல வளைந்த இறக்கை. வாலுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு. அம்பு போலப் பாய்ந்து வரும். சுவரில் மோதிவிடுமோ என்று நாம் பயப்படும்போது சட்டென்று திரும்பிவிடும். நன்றாக இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாகக் கல் இடுக்குகளுக்குள் நுழைந்து மறைந்துவிடும். இவைதான் உழவாரக் குருவிகள்.

காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் திருமுக்கூடல். அங்கே இருப்பது போன்ற பழைய கல் கோயில்கள், மண்டபங்கள், ஆற்றுப் பாலங்கள் எல்லாம் இந்தக் குருவிகளுக்குப் பிடித்த வீடுகள். காற்றில் பறந்து வரும் இறகையும் வைக்கோலையும் பிடித்து, தன் எச்சிலையே பசையாக்கிக் கூரையின் அடியில் கூடு கட்டும். இரை பிடிப்பதும் தண்ணீர் குடிப்பதும் பறந்தபடியேதான். இதன் நான்கு விரல்களும் முன்பக்கமாகவே இருப்பதால், காக்கை போலக் கிளையில் உட்கார இதற்கு வராது. சுவரில் தொற்றிக்கொள்ள மட்டுமே முடியும். அதனால் இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவது இதற்கு மிக முக்கியம்.

அமெரிக்காவில் இதன் உறவுக்காரப் பறவை ஒன்று உண்டு. அது முன்பு பொந்து உள்ள பெரிய மரங்களில் தங்கியது. மரங்களை வெட்டிய பிறகு புகைபோக்கிகளுக்குள் குடியேறியது. ஒரே புகைபோக்கிக்குள் ஆயிரக்கணக்கில் இறங்குவதைப் பார்க்க மாலையில் மக்கள் கூடுவார்கள்.

இந்த உழவாரக் குருவி இனங்களில் ஒன்றுக்கு ஓர் இந்தியரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் யார் தெரியுமா? பறவை மனிதர் சாலிம் அலி!

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி மும்பையில் பிறந்தார். வீட்டில் நிறையக் குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பாவை இழந்தார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். குழந்தைகள் இல்லாத தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவியும் இவர்களை எடுத்து வளர்த்தார்கள்.

மாமாவுக்கு வேட்டையில் ஆர்வம் அதிகம். மருமகனுக்கு விளையாட ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்தார். சாலிம் ஒருநாள் அதனால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். கையில் எடுத்துப் பார்த்தால், அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்று! வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுகளுக்கு அப்படி இருக்காதே? மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் பெயர் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, சிறுவனை அவரிடம் அனுப்பினார்.

சாலிம் தயங்கித் தயங்கித்தான் அங்கே போனார். மில்லார்டு அவரை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடாமல் அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். இத்தனை வகைப் பறவைகளா என்று அந்தச் சிறுவன் மலைத்துப்போனான். ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கப் போனவனுக்கு வாழ்நாள் முழுவதற்கும் வேலை கிடைத்துவிட்டது!

ஆனால் வாழ்க்கை சுலபமாக இல்லை. உடல்நலக் குறைவால் படிப்பு தடைபட்டது. மெட்ரிக் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார். அங்கும் கணக்குப் புத்தகத்தைவிடக் காட்டுப் பறவைகளைத்தான் அதிகம் கவனித்தார்! தொழில் நொடித்தது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கேட்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பறவைகளைப் பற்றி முறையாகக் கற்க விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பெரிய அறிஞரிடம் பயின்றார்.

1930-இல் ஆசையோடு ஊர் திரும்பினால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாலிம் அலியும் அவர் மனைவி தெஹ்மினாவும் மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். செலவு குறையும் அல்லவா? வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத சாலிம் அலி, மழைக்கால மாதங்களில் மறைந்து உட்கார்ந்து நாள்தோறும் அவற்றைக் கவனித்தார். கண்டதையெல்லாம் உடனுக்குடன் குறித்துவைத்தார்.

அப்போது ஓர் அதிசயம் தெரியவந்தது. ஆண் குருவி கூட்டைப் பாதி மட்டும் கட்டி நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து, வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் போல உள்ளே நுழைந்து சோதிக்கும். ஒரு பெண் குருவிக்குப் பிடித்து அது குடிவந்த பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். உடனே பக்கத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண் குருவியை அழைக்கும்! தூக்கணாங்கூட்டைப் பார்க்காத கிராமத்துப் பிள்ளை உண்டா? ஆனாலும் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து எழுதியவர் இவர்தான். அந்தக் கட்டுரையால் உலக அறிஞர்கள் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பின் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஊர் ஊராகச் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். கூடாரம்தான் வீடு. தெஹ்மினாவும் கூடவே வந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். 1939-இல் அவர் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். சாலிம் அலி மிகவும் உடைந்துபோனார். தங்கை தங்க இடம் கொடுத்தார் என்றால் தவறு. அக்கா கமூவின் குடும்பம்தான் அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டது. அவர் மெல்ல மெல்லப் பறவைகளிடமே திரும்பினார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. சாதாரண மக்களும் படம் பார்த்துப் பறவையை அடையாளம் காண அது உதவியது. பிறகு அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகள் கொண்ட பெரிய பறவைக் கையேட்டை வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்வது வழக்கம். சாலிம் அலியும் அப்படிச் செய்தவர்தான். ஆனால் பறவைகளை உயிரோடு பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் பெரிய திட்டத்தை இந்தியாவில் முன்னின்று நடத்தியவரும் அவரே. நம் கோடியக்கரையிலும் அந்த வேலை நடந்தது. பரத்பூர் பறவைகள் சரணாலயத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்றக் குரல் கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற கெட்டி பரிசாக 50,000 டாலர் கிடைத்தது. அதை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. 1987 ஜூன் 20-ஆம் தேதி, 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, உழவாரக் குருவிக்கு வருவோம். ஆக்ஸ்போர்டில் ஓர் அருங்காட்சியகக் கோபுரத்தில் கூடு கட்டிய உழவாரக் குருவிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டேவிட் லாக். திபெத் பக்கம் வாழும் ஓர் உழவாரக் குருவிக்கு அவர் 1958-இல் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இன்னொரு செய்தி கேளுங்கள். 1948-இல் நம் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார்கள். அது சாதாரண வகை என்று எண்ணி மும்பைக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். அது உலகுக்கே புதிய இனம்! 1972-இல் அதற்கும் சாலிம் அலியின் பெயரே வைக்கப்பட்டது. மாலையில் குருவி வீடு திரும்பும். வௌவால் வெளியே கிளம்பும். இரண்டுக்கும் ஒரே மனிதரின் பெயர்!

குழந்தைகளே, பழைய மண்டபத்தைப் பழுதுபார்த்து இடுக்குகளை அடைத்தால் உழவாரக் குருவிகள் தங்கும் இடத்தை இழந்துவிடும். அவை எங்கே, எத்தனை இருக்கின்றன என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே அவற்றுக்காகப் பேச முடியும்? நீங்களே அதைச் செய்யலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பெரியவர்களுடன் மாலையில் கோயிலுக்குப் போகும்போது ஓர் இடத்தில் அமைதியாக உட்காருங்கள். முதல் குருவி எத்தனை மணிக்கு நுழைந்தது, மொத்தம் எத்தனை நுழைந்தன என்று தேதி போட்டு எழுதுங்கள். கல் எறியாதீர்கள், கூட்டைத் தொடாதீர்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் எழுதிய கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். புரியாத ஒன்று கண்ணில் பட்டால், கூச்சப்படாமல் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். சாலிம் அலியும் அப்படித்தான் தொடங்கினார்!