டீசல் என்றொரு மனிதர்



டீசல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? லாரி, டிராக்டர், எண்ணெய் நிலையம், இல்லையா? ஆனால் டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயரே அல்ல. ஒரு மனிதரின் பெயர். நம் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் ஒவ்வொரு லாரியும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஓடுகிறது. அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தையார் தோல் பொருள்கள் செய்து பிழைத்தவர். வசதியான குடும்பம் அல்ல. 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. இருந்த இடத்தை விட்டுவிட்டுக் குடும்பம் இலண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. பன்னிரண்டே வயதுப் பையனை, படிப்பு கெட்டுவிடக்கூடாதே என்று, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் தகப்பனைப் பிரிந்து படிப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. பதினான்கு வயதிலேயே பொறியியலாளர் ஆவதென்று முடிவு கட்டிவிட்டார்.

மூனிக் நகரக் கல்லூரியில் பேராசிரியர் லிண்டேயிடம் பயின்றார். குளிர்பதன இயந்திரத் துறையில் பேர் பெற்றவர் இந்த லிண்டே. படித்துக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை டீசலின் மனத்தை உறுத்தியது. அக்காலத்து நீராவி இயந்திரத்தில் நூறு பங்கு வெப்பம் போட்டால், பத்துப் பங்குகூட உருப்படியான வேலையாகக் கிடைப்பது அரிது. மற்றதெல்லாம் வீண்! இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

மாணவர்களே, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். காற்றை அழுத்தினால் சூடேறும். அதை மிகமிக அழுத்தினால், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். டீசல் இயந்திரத்தின் இரகசியம் இவ்வளவுதான். சொல்வது சுலபம்; செய்வதுதான் கடினம். 1893-இல் நடந்த முதல் சோதனையில் ஒரு கருவி வெடித்துச் சிதறி, அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். அதற்காக விட்டுவிட்டாரா? இல்லை. நான்கு ஆண்டுகள் பாடுபட்டு, 1897-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பங்கு வேலை தரும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்.

இனிதான் நம்மைத் தொடும் செய்தி வருகிறது. 1900-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆமாம், நாம் கச்சான் என்கிறோமே, அதே கடலைதான்! மண்ணெண்ணெய் போன்ற நிலத்தடி எண்ணெய்க்காகச் செய்த இயந்திரம் அது. எந்த மாற்றமும் செய்யாமலே கடலை எண்ணெயில் ஓடியதால், பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிலத்தடி எண்ணெய் இல்லாத நாட்டு மக்களும் தங்கள் மண்ணில் விளைவதைக் கொண்டே இயந்திரம் ஓட்டலாம் என்பதை டீசல் உணர்ந்தார். பயிர் எண்ணெய்க்கு என்றாவது ஒருநாள் மதிப்பு வரும் என்று 1912-இல் எழுதியும் வைத்தார்.

அந்த நாளைக் காண அவர் இருக்கவில்லை. கடன் தொல்லையும் உடல்நலக் குறைவும் அவரை வாட்டின. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து காணாமற்போனார். சில நாள்களுக்குப் பின் அவர் உடல் கடலில் கிடைத்தது. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை புதிர்தான். அப்போது அவருக்கு வயது 55.

நிலத்தடி எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் உலகம் கடலை எண்ணெயை மறந்தது. 1970-களில் விலை எகிறியதும் மறுபடி நினைத்தது. 1980-களில் நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் இதில் இறங்கியது. செம்பனை எண்ணெய் கெட்டியானது. அப்படியே ஊற்றினால் இக்கால இயந்திரங்கள் அடைத்துக்கொள்ளும். ஆகவே அதை மெத்தனாலோடு சேர்த்துப் பக்குவப்படுத்தி உயிர் டீசல் ஆக்குகிறார்கள். 2019 முதல் நம் நாட்டு வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இதுதான். 2020-இல் இருபது பங்கு கலக்கும் திட்டம் நம் கெடா மாநிலத்து லங்காவியில்தான் தொடங்கியது. நாம் வெட்டும் குலை லாரிக்கே தீனியாகிறது பாருங்கள்!

இதில் நன்மை உண்டு. குலைக்கு வாங்க ஆள் இருக்கும். விலை அடியோடு விழாது. வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பது குறையும். ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை டன் எண்ணெய் தரும்; சோயா அரை டன்கூடத் தராது.

தீமையும் உண்டு. லாரி குடிக்கும் எண்ணெய், அம்மா வடை சுடும் அதே எண்ணெய்தான். 2007, 2008-இல் உலகெங்கும் உணவு விலை ஏறியபோது, உணவுப் பயிரை எரிபொருளாக்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று குறை கூறப்பட்டது. குலை விலை ஏறினால் சிறுதோட்டக்காரருக்குக் கொண்டாட்டம். கூலி மட்டும் வாங்கிக் கடையில் எண்ணெய் வாங்குபவருக்குத் திண்டாட்டம். அதுமட்டுமா? பழைய ரப்பர் மண்ணில் செம்பனை நடுவது வேறு; காட்டையும் சதுப்பு நிலத்தையும் அழித்து நடுவது வேறு. அப்படி அழித்தால் வெளியேறும் கரிவாயுவை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் போதா. இதனால்தான் ஐரோப்பிய நாடுகள் செம்பனை எரிபொருளை 2030-க்குள் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தன.

அப்படியானால் உயிர் எரிபொருள் நல்லதா, கெட்டதா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். எந்த நிலத்தில் விளைந்தது, யாருடைய அடுப்பிலிருந்து எடுத்தது, பாடுபட்டவர் கைக்கு என்ன வந்தது என்று அளந்து பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும். டீசல் நமக்குத் தந்தது எதையும் குடிக்கும் இயந்திரம். அதற்கு எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்பதை நம் கையில் விட்டுப்போனார்.

மாணவச் செல்வங்களே! சமையலுக்குப் பயன்படுத்திக் கழித்த எண்ணெயிலும், ஆலையில் மிஞ்சும் வெறுங்குலையிலும், கழிவுநீரிலும்கூட எரிபொருள் எடுக்க முடியும். உணவையும் காட்டையும் தொடாத வழி அது. அந்த வேலையைச் செய்து முடிக்க அறிவியல் கற்றவர்கள் வேண்டும். போரில் ஊர்விட்டு ஊர் போன தோல் தொழிலாளியின் மகன் ஓர் இயந்திரத்தையே தந்தார். பால் வெட்டியவர், குலை வெட்டியவர் பிள்ளைகளுக்கும் அது எட்டாத தூரமல்ல. நன்றாகப் படியுங்கள்!