ஷூ லேஸ்கூட கட்ட முடியல... 65 வயதில் 21 கிலோ குறைத்த லண்டன்காரர்! யார் இந்த வில்லியம் பேன்டிங்?

டயட் இருக்கணும், ஆனா பிடிச்சதையும் விட முடியல! ஜிம் போகும் பலருக்கும் உள்ள இந்தச் சிக்கல், 160 வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கு இருந்தது.

யார் இவர்?

1796-ல் பிறந்தவர் பேன்டிங். பிரிட்டன் அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது குடும்பத் தொழில். 1862-ல் இவரது எடை சுமார் 92 கிலோ, உயரம் 5 அடி 5 அங்குலம். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

உடற்பயிற்சி கைகொடுத்ததா?

தினமும் காலையில் படகு வலித்துப் பார்த்தார். தெம்பு வந்தது, கூடவே பயங்கரப் பசியும் வந்தது. எடை கூடியதுதான் மிச்சம்.

எதை விட்டார்?

காது மந்தமாகி டாக்டர் வில்லியம் ஹார்வியிடம் போனார். அவர் சாப்பாட்டையே மாற்றிவிட்டார். வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் கட். இறைச்சி, மீன், காய்கறி ஓகே.

எதை விடவில்லை?

ரொட்டியில் ஒரு சின்னத் துண்டு டோஸ்ட். புட்டிங்கில் பழம் மட்டும். கூடவே தினமும் ஒயின் (இதை இன்றைய டாக்டர்கள் பரிந்துரைப்பதில்லை).

கொஞ்சம் ருசியும் இருந்ததால், பட்டினி என்ற எண்ணமே வரவில்லை. ஒரே வருஷத்தில் 21 கிலோ குறைந்தது!

பிறகு என்ன ஆனது?

1863-ல் தன் அனுபவத்தைச் சொந்தச் செலவில் சிறு புத்தகமாக்கினார். டாக்டர்கள் சிலர் எதிர்த்தாலும் மக்களிடம் செம வரவேற்பு. 1878-ல், 81 வயதில் காலமானார். ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றும் 'பான்டா' என்றே பெயர். அது இவர் பெயரிலிருந்து வந்ததுதான்!