44.2: பீட் மராவிச்சும் ஒரு அவார்டு சண்டையும்

போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ல நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பாஸ்கெட்பால் லீக்ல பெஸ்ட் பிளேயர் அவார்டு யாருக்குக் கொடுக்கறதுன்னு ஆரம்பிச்சது. ஒரு பக்கம், எல்லா மேட்ச்லயும் அதிக பாயிண்ட் போட்டவர். ஆனா அவர் டீம் செமிஃபைனல் பக்கமே வரல. இன்னொரு பக்கம், கப் ஜெயிச்ச டீமோட கேப்டன். சாம்பார் ஆறிப்போச்சு, சண்டை ஆறல. கமிட்டியில நானும் ஒருத்தன்ங்கிறதால ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

ரூமுக்கு வந்து தூக்கம் வராம படிச்சுக்கிட்டிருந்தப்போ, இதே சண்டை 1970ல அமெரிக்காவுலயும் போடக்கூடிய சண்டைதான்னு தெரிஞ்சது. அதோட நடுவுல நின்னவர் பீட் மராவிச். அவர் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். படிக்கும்போது நீங்க ஒரு வேலை செய்யணும். இது 1970 மார்ச் மாசம், நீங்க ஒரு பத்திரிகையில ஸ்போர்ட்ஸ் நிருபர், கையில ஓட்டுச்சீட்டு இருக்குன்னு நினைச்சுக்கோங்க. தென் மாநிலங்களைச் சேர்ந்த 10 யூனிவர்சிட்டிகள் ஆடற சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் லீக்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் யாருன்னு நீங்க எழுதணும். பேனாவை உடனே எடுக்காதீங்க. கதையைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்.

பீட் பிறந்தது 1947 ஜூன் 22, பென்சில்வேனியாவுல அலிக்விப்பாங்கிற ஊர்ல. ஸ்டீல் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. தாத்தா பாட்டி பிழைப்பு தேடி வந்த செர்பிய இனத்தவங்க. அப்பா பிரெஸ் மராவிச், ஆலைக்குள்ள போகாம பாஸ்கெட்பாலைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தவர். இரண்டாம் உலகப் போர்ல கடற்படை விமானியா இருந்தார். திரும்பி வந்து புரொஃபஷனலா ஆடினார், அப்புறம் கோச் ஆனார். தனக்குக் கிடைக்காத உயரத்தை மகன் தொடணும்னு ஆசைப்பட்டார்.

நம்ம ஊர் அப்பாக்கள் ஆறாம் வகுப்புலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல சேர்த்து விடறாங்களே, அதே கதைதான். பையனுக்காகவே பிரெஸ் விதவிதமான பயிற்சிகளை உருவாக்கினார். பையன் கண்ணைக் கட்டிக்கிட்டு பந்து தட்டினான். சினிமா தியேட்டர்ல ஓரத்து சீட்ல உட்கார்ந்து படம் பார்த்துக்கிட்டே தட்டினான். அப்பா மெதுவா கார் ஓட்ட, கார் கதவு வழியா சாய்ஞ்சு ரோட்டுல தட்டினான். ராத்திரி பந்தோடயே தூங்கினான். சின்ன வயசுல பந்தைத் தலைக்கு மேல தூக்கிப் போடற பலம் கையில இல்ல. இடுப்புப் பக்கத்துல இருந்து துப்பாக்கி எடுக்கற மாதிரி வீசுவான். அப்படித்தான் 'பிஸ்டல்'ங்கிற பட்டப்பேர் வந்து, கடைசி வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

1966ல பிரெஸ் லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு, அதாவது எல்எஸ்யூவுக்கு கோச்சா போனார். பீட்டுக்கு வெஸ்ட் வர்ஜீனியா யூனிவர்சிட்டியில சேரணும்னு ஆசை. அப்பா விடல. அப்பா கோச்சா இருக்கற காலேஜ்லயே மகன் ஸ்டூடண்ட். நினைச்சுப் பாருங்க, உங்க எச்ஓடியே உங்க அப்பான்னா எப்படி இருக்கும்?

எல்எஸ்யூ ஃபுட்பால் காலேஜ். பாஸ்கெட்பாலை யாரும் சீண்டினது இல்ல. மேட்ச் நடக்கறதே மாட்டுக் கண்காட்சி நடத்தற விவசாய அரங்கத்துலதான். அந்தக் கால ரூல்படி முதல் வருஷ மாணவர்கள் மெயின் டீம்ல ஆட முடியாது. பீட் ஜூனியர் டீம்ல ஆடிக்கிட்டிருந்த அந்த 1966-67 சீசன்ல மெயின் டீம் 3 மேட்ச் ஜெயிச்சு 23 மேட்ச் தோத்துச்சு. அடுத்த வருஷம் பீட் உள்ளே வந்தார். தொங்கற முடி, தொளதொளன்னு தொங்கற சாக்ஸ், முதுகுக்குப் பின்னாடியும் காலுக்கு நடுவுலயும் போற பாஸ். மாட்டுக் கொட்டகைன்னு கிண்டல் பண்ணின அரங்கத்துல டிக்கெட் கிடைக்காம ஆயிடுச்சு.

இப்போ நம்பர். மூணு சீசன், 83 மேட்ச், 3,667 பாயிண்ட். சராசரி 44.2. ஒரு மேட்ச்ல இல்லீங்க, மூணு வருஷமும் சேர்த்துச் சராசரி. மூணு பாயிண்ட் லைனே அப்போ கிடையாது. எவ்வளவு தூரத்துல இருந்து போட்டாலும் ரெண்டுதான். அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பாலோட முதல் டிவிஷன் ஆண்கள்ல இந்த மொத்தத்தை இதுவரைக்கும் யாரும் தாண்டல. 2023ல டெட்ராய்ட் மெர்சி அணியோட ஆண்ட்வான் டேவிஸ் 5 சீசன், 144 மேட்ச் ஆடி 3,664ல நின்னார். மூணே பாயிண்ட் பாக்கி. 2024 மார்ச்ல கெய்ட்லின் கிளார்க் என்கிற அயோவா மாணவிதான் அந்த டிவிஷன்ல 3,667ஐ முதல் முறையா தாண்டினார்.

அப்புறம் என்ன, அவார்டைக் கொடுத்துட வேண்டியதுதானேன்னு தோணுதா? இருங்க, நீங்க இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். டினாமினேட்டரைப் பார்க்காம விடலாமா? அந்த 83 மேட்ச்ல ஃப்ரீ த்ரோ போக பீட் எடுத்த ஷாட் 3,166. உள்ளே போனது 1,387. அதாவது 1,779 தடவை பந்து வெளியே போயிருக்கு. ஒரு மேட்ச்சுக்கு சராசரி 38 ஷாட். மத்த நாலு பேர் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? நாலு பேர் ப்ராஜெக்ட்ல ஒருத்தனே ராத்திரி பூரா கோட் அடிச்சு, டெமோவும் கொடுத்து, விவாவுக்கும் பதில் சொல்ற கதை. அவன் திறமைசாலிதான். ஆனா மீதி மூணு பேர் சோம்பேறிங்களா, இல்ல கீபோர்டையே அவன் விடலையான்னு வெளியே இருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம் நின்னவர் டேன் இசல், கென்டக்கியோட சென்டர். 1970 சீசன்ல சராசரி 33.9 பாயிண்ட். எடுத்த ஷாட்ல பாதிக்கு மேல உள்ளே போச்சு. கென்டக்கி லீக்ல 18 மேட்ச்ல 17 ஜெயிச்சு முதலிடம். எல்எஸ்யூ 13 ஜெயிச்சு ரெண்டாமிடம்.

ரெண்டு மேட்ச் மட்டும் சொல்றேன். 1970 பிப்ரவரி 7, அலபாமாவோட மேட்ச். பீட் 69 பாயிண்ட் போட்டார். எல்எஸ்யூ 104-106ன்னு தோத்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு பிப்ரவரி 21, கென்டக்கி எல்எஸ்யூவோட ஊருக்கே வந்து ஆடின மேட்ச். பீட் 64, இசல் 51. ஸ்கோர் 121-105, ஜெயிச்சது கென்டக்கி. மூணு வருஷத்துல கென்டக்கியோட மோதின 6 மேட்ச்லயும் எல்எஸ்யூவுக்குத் தோல்விதான். சச்சின் செஞ்சுரி அடிச்சா இந்தியா தோத்துடும்னு நம்ம அப்பாக்கள் காலத்துல ஒரு பேச்சு உண்டே, கிட்டத்தட்ட அது.

பீட் பக்கமும் நியாயம் இருக்கு. 3 வெற்றியோட கிடந்த டீம் அவரோட கடைசி வருஷத்துல 22 வெற்றிக்கு வந்துச்சு. மூணு பேர் சுத்தி நின்னு தடுக்கும்போது 44 போடறதும், நல்ல டீம்ல நடுவுல நின்னு 34 போடறதும் ஒண்ணா? லீக்ல முதலிடம் வந்த டீமுக்குத்தான் அப்போ தேசியப் போட்டியில இடம். அதனால அவ்வளவு பாயிண்ட் போட்ட மனுஷன் அந்தத் தேசியப் போட்டியில ஒரு மேட்ச்கூட ஆடினது இல்ல.

அவார்டு யாருக்குப் போச்சு? பீட்டுக்கு. 1968, 1969, 1970 மூணு வருஷமும் அவருக்கே.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவார்டு வாங்கினவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க.

1970 டிராஃப்ட்ல மூணாவது ஆளா அட்லாண்டா ஹாக்ஸ் எடுத்தாங்க. சம்பளம் சுமார் 19 லட்சம் டாலர். அந்தக் காலத்துக்கு அது தலை சுத்தற தொகை. ஏற்கெனவே அந்த டீமைத் தூக்கி நிறுத்தின சீனியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டிரெஸ்ஸிங் ரூம்ல நிம்மதி இல்ல. பீட் போனதும் எல்எஸ்யூ மறுபடி சரிஞ்சது, 1972ல அப்பா வேலை போச்சு. 1974ல பீட்டை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் டீமுக்கு மாத்தினாங்க. அதே வருஷம் அவரோட அம்மா ஹெலன், நீண்ட காலம் குடியாலும் மனவேதனையாலும் கஷ்டப்பட்டு, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். பீட்டுக்கும் குடிப்பழக்கம் இருந்தது. 1977ல நியூயார்க் நிக்ஸுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 68 பாயிண்ட் போட்டார், அந்த சீசன்ல என்பிஏலயே அதிக சராசரி அவருக்குத்தான். அடுத்த வருஷமே முழங்கால் போச்சு. 1980ல பாஸ்டன் செல்டிக்ஸ்ல சேர்ந்து, சில மாசம் ஆடி, அடுத்த சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ஓய்வை அறிவிச்சார். அந்த சீசன்ல பாஸ்டன் சாம்பியன் ஆச்சு. சின்ன வயசுல இருந்து அவரும் அப்பாவும் கனவு கண்ட மோதிரம், அவர் விலகின மறு சீசன்லயே பழைய டீம்மேட்ஸ் கையில.

அதுக்கப்புறம் பந்தையே தொட விரும்பாம வீட்டுக்குள்ள முடங்கினார். யோகா, இந்து மத நூல்கள், சைவ உணவுன்னு ஒவ்வொண்ணா தேடினார். கடைசியா 1982ல கிறிஸ்தவ நம்பிக்கையில அமைதி கிடைச்சதா ஊர் ஊராப் போய்ப் பேசினார். 1987ல அப்பா புற்றுநோயில இறந்தார். 1988 ஜனவரி 5, கலிஃபோர்னியாவுல பாசடீனா ஊர்ல ஒரு சர்ச் ஜிம்ல, நண்பர்களோட சும்மா ஆடிக்கிட்டிருந்தப்போ பீட் சரிஞ்சு விழுந்தார். எழுந்திருக்கல. வயசு 40.

பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது இது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற ரெண்டு முக்கியக் குழாய்கள்ல இடது பக்கக் குழாய் அவருக்குப் பிறவியிலேயே இல்ல. ஒத்தைக் குழாயை வெச்சுக்கிட்டுத்தான் 3,667 பாயிண்ட் போட்டிருக்கார். எந்த ஸ்கோர்ஷீட்லயும் அதுக்கு ஒரு காலம் கிடையாது. அவர் ஷாட்டை எண்ணின யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

ஸ்கோர்ஷீட்ல வராத இன்னொரு விஷயமும் இருக்கு. பீட் ஆடின அதே மூணு சீசன், அதே லீக்ல, வாண்டர்பில்ட் டீம்ல பெரி வாலஸ்னு ஒருத்தர் ஆடினார். நம்ம ஆளு, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். அந்த லீக்கோட மெயின் டீம்கள்ல ஆடின முதல் கறுப்பினத்தவர். மிசிசிப்பி மாதிரி ஊர்கள்ல கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தின கத்தலை இங்க எழுத முடியாது. கண்ணுல அடிபட்டும் திரும்ப உள்ளே வந்து ஆடியிருக்கார். எல்எஸ்யூ டீம்லயே பீட் போன பிறகுதான் முதல் கறுப்பின வீரருக்கு இடம் கிடைச்சது. இது பீட்டோட தப்பு இல்ல. ஆனா லீக்லயே சிறந்தவர்னு ஓட்டு போடும்போது, அந்த லீக்குக்குள்ளேயே விடப்படாதவங்க எத்தனை பேர்னு அந்தச் சீட்டுல எங்கேயும் இல்ல. 1970ல லீக் ஆட்டக்காரர்களே ஓட்டு போட்டு ஒரு விருது கொடுத்தாங்க, கண்ணியமா ஆடினவருக்கான விருது. அது வாலஸுக்குப் போச்சு. அவர் பின்னாடி வக்கீலாகி, சட்டப் பேராசிரியரா வாழ்ந்து 2017ல இறந்தார்.

சரி, பேனாவை எடுங்க. 1970க்கு என் ஓட்டு இசலுக்கு. டிக்கெட் காசு மட்டும் பீட்டுக்கு. நீங்க மாத்தி எழுதினா சண்டைக்கு வரமாட்டேன், ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றோம். யாரால அதிகம் முடியும்ங்கிறது ஒரு கேள்வி. யாரால டீம் ஜெயிச்சதுங்கிறது வேற கேள்வி. மெஸ்ல நாம போட்ட சண்டையும் இதேதான், கேள்வியை எழுதாமலே விடைத்தாள் திருத்திக்கிட்டிருந்தோம்.

இந்த வாரம் கமிட்டி மறுபடி கூடுது. இது எதுக்கான அவார்டுன்னு ஒரு வரி முதல்ல எழுதணும்னு கேட்கப் போறேன். கேலரியில உட்கார்ந்த நாங்க மட்டும் இல்லாம, கோர்ட்ல எதிர்ல நின்னு ஆடினவங்களும் ஓட்டு போடணும்னு கேட்கப் போறேன். பேர் அறிவிச்ச பிறகு, கிடைக்காதவர்கிட்ட நீங்க ஒருத்தராவது போய்ப் பேசுங்க. கிடைச்சவர்கிட்டயும் பேசுங்க. மூணு வருஷம் தொடர்ந்து கிடைச்சவருக்கு உள்ளே என்ன இல்லாம இருந்ததுன்னு பார்த்தோம் இல்லையா.