கல்லில் கணக்கு எழுதிய அரசி



செம்பியன் மாதேவி என்றதும் நம்மில் பலருக்குப் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வருகிற பெரிய பிராட்டிதான் ஞாபகம் வருவார். கதை ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டடப் பிரிவில் படிக்கிற நாம் இந்த அம்மையாரை வேறொரு காரணத்துக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறபோது எதை மாற்றலாம், எதை அழியவிடக் கூடாது? இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் அவர்.

வாழ்க்கை

மழவரையர் என்ற சிற்றரசர் குடும்பத்துப் பெண். சோழ மன்னர் முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டார். கி.பி. 949-ல் தக்கோலப் போரில் மூத்தவர் ராஜாதித்தன் இறந்துபோக, சோழ நாடே ஆடிப்போயிருந்த நேரத்தில் கண்டராதித்தன் பட்டத்துக்கு வந்தார். சில வருஷங்கள்தான் ஆண்டார். சுமார் 957-ல் அவரும் மறைந்தார். கையில் சின்னப் பையன். அரசுரிமை மைத்துனர் வழிக்குப் போய், பிறகுதான் மகன் உத்தம சோழனுக்கு வந்தது. அவருக்குப் பின் 985-ல் ராஜராஜன்.

இத்தனை அரசர் மாறியும் இவர் வேலை நிற்கவில்லை. 941-லேயே கோயில் விளக்குக்குத் தானம் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டான 1001-ல் திருவக்கரைக் கோயிலைக் கல்லால் கட்டியதற்கும் கல்வெட்டு இருக்கிறது. அறுபது வருஷ உழைப்பு! இடையில் கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று எத்தனையோ கோயில்கள்.

செங்கல் போய்க் கல் வந்தது

அந்தக் காலத்துக் காவிரிக் கரைக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். மழையில் இணைப்பு கரையும், அரசும் ஆலும் அதில் வேர் விடும், சுவர் பிளந்துகொள்ளும். டெல்டாவில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, பாறைதான் கிடையாது. கருங்கல் முழுவதும் வெளியூரிலிருந்து வர வேண்டும். லாரி இல்லை, கிரேன் இல்லை. அப்படியும் அவர் கோயில் கோயிலாகக் கல்லுக்கு மாற்றினார். கருவறைச் சுவரில் மாடங்களைக் கூட்டி, ஆடவல்லானையும் கல்லில் அமர்த்தினார். இவர் காலத்துக் கோயில் என்று அடையாளம் கண்டுபிடிக்க அதுவும் ஓர் அடையாளம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கஞ்சனூர்ப் பக்கம் திருக்கோடிக்காவல் என்று ஓர் ஊர். அங்கே கோயிலைக் கல்லால் எழுப்பும்போது பழைய கல்வெட்டுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. பல்லவர் காலத்தவை, பாண்டியர் காலத்தவை, சோழர்களுக்கே எதிரியாக இருந்தவர்கள் காலத்தவையும் உண்டு. புது அரசி, புதுக் கோயில், எல்லாம் தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் நகல் என்ற குறிப்பையும் சேர்த்து வெட்டுவார்கள். பழங்கற்படி என்று அதற்குப் பெயர்.

இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். கல்வெட்டு என்பது வெறும் ராஜா புகழ் இல்லை. ஊர்க் கணக்கு அது. ஒருவர் அணையா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பார். அதை ஓர் இடையர் பெற்றுக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாகாத, மூப்படையாத ஆடு என்று அதைச் சொல்வார்கள். எண்ணிக்கை குறையவே கூடாது என்பது கருத்து. யார் கொடுத்தது, யார் பொறுப்பு, எந்த நிலம், எந்த வாய்க்கால் எல்லை, எல்லாம் அந்தக் கல்லில்தான். கல் போனால் கணக்குப் போச்சு, அந்த மனுஷர்களும் போனார்கள்!

கட்டினவர் பெயர்

கோனேரிராஜபுரம் கோயிலைத் தன் கணவர் பெயரால் எடுத்தார். அங்கே கண்டராதித்தன் சிவலிங்கத்தை வணங்குவது போல ஒரு சிற்பம் இருக்கிறது. அதே சுவரில் இன்னொருவரும் இருக்கிறார். ஆலத்தூர் சாத்தன் குணபத்தன். அரசியின் உத்தரவுப்படி அந்தக் கற்கோயிலைக் கட்டி முடித்தவர். அவர் உருவம், பெயர், பெற்ற பட்டம் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

எங்கப்பா கொத்தனார். முப்பது வருஷமா எத்தனையோ வீடு கட்டியிருக்கார். ஒண்ணுலயும் அவர் பேர் இல்லை. எங்க குடும்பத்துல தாத்தாவுக்கு மேல யார் பேரும் யாருக்கும் தெரியாது, எழுதி வைக்க எழுத்துத் தெரிஞ்சவங்க இல்லை. அதனாலேயே சாத்தன் குணபத்தன் பெயரை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்று நாம்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர் கல்லாக மாற்றியதால் அந்தப் பழைய செங்கல் கோயில்கள் நமக்குக் கிடைக்காமல் போய்விட்டன. இன்றைய பாதுகாப்பு முறையில் இருப்பதைப் பழுது பார்க்க வேண்டுமே தவிர, பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சரியாகாது. ஆனாலும் பிரித்த கட்டடத்தின் பதிவை அவர் காப்பாற்றினார்.

நாம் என்ன செய்கிறோம்? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று திருப்பணி நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் அடித்த இடங்களில் அழுக்கோடு எழுத்தும் உதிர்ந்தது. வழுக்கும் டைல்ஸுக்கு அடியில் அடித்தளக் கல்வெட்டு புதைந்தது. சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் வந்ததால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. யுனெஸ்கோ குழு 2017-ல் இந்தத் திருப்பணி முறைகளின் குறைகளைச் சுட்டிக்காட்டியது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் கோயில்கள், புராதனச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் போட்டது.

உத்தரவு காகிதத்தில் இருக்கும். சாரத்தின் மேல் நிற்கப்போவது நாம்தானே! நாளைக்கு சூப்பர்வைசராக, ஓவர்சியராக நம்மில் யாராவது ஒரு பழைய சுவருக்கு முன்னால் நிற்போம். அப்போது மிஷினை ஆன் பண்ணுமுன் சுவரைத் தடவிப் பாருங்கள். எழுத்து தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். போட்டோ எடுங்கள், அளவு எடுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை போகும், அவ்வளவுதான்.

செம்பியன் மாதேவி பெயரிலேயே நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. அவர் மருமகள்கள் அவருடைய பிறந்த நட்சத்திரமான கேட்டையன்று வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும் தானம் வைத்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில், 1019-ல், அந்த ஊர்க் கோயிலில் அவருக்குச் சிலையும் எடுக்கப்பட்டது. பிறர் பெயரைக் காப்பாற்றியவர் பெயர் ஆயிரம் வருஷம் கழித்தும் நிற்கிறது. இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, கட்டடப் பொறியியல் பட்டயம்