என்றிக்கோ பெர்மி

என்றிக்கோ பெர்மி (செப்டம்பர் 29, 1901 – நவம்பர் 28, 1954) இத்தாலியில் பிறந்து பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இயற்பியலாளர் ஆவார். 1938 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். இயங்கும் தடைகளில் மோதி மீளும் துகள்கள் ஆற்றல் பெறும் முறை இவரது பெயரால் பெர்மி முடுக்கம் எனப்படுகிறது.

வாழ்க்கை

பெர்மி உரோம் நகரில் பிறந்தார். 1922 இல் பீசாவில் முனைவர் பட்டம் பெற்று, 1926 இல் உரோம் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வேகம் குறைந்த நியூத்திரன்கள் அணுக்கரு வினைகளை எளிதில் தூண்டுவதை 1934 இல் கண்டறிந்தார். இவரது மனைவி லாரா யூதர். 1938 இல் இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்ற குடும்பம் நாடு திரும்பாமல் 1939 சனவரியில் நியூயோர்க்கை அடைந்தது. 1942 டிசம்பர் 2 அன்று சிக்காகோவில் இவரது தலைமையில் உலகின் முதல் அணு உலை இயங்கியது.

பெர்மி முடுக்கம்

அண்டக் கதிர்த் துகள்கள் இத்துணை ஆற்றலை எங்ஙனம் பெறுகின்றன என்ற வினாவுக்கு 1949 இல் பெர்மி ஒரு விடை அளித்தார். விண்மீன்களுக்கு இடையே காந்தப்புலம் கொண்ட வளிம முகில்கள் ஒழுங்கின்றி அலைகின்றன. மின்னூட்டத் துகளுக்கு இவை நகரும் சுவர்கள் போன்றவை. எதிரே வரும் முகிலில் மோதும் துகள் ஆற்றல் பெறுகிறது. விலகிச் செல்லும் முகிலில் மோதுவது ஆற்றலை இழக்கிறது. மழையில் ஓடுபவரின் முன்புறம் மிகுதியாக நனைவது போல, எதிர் மோதல்களே மிகுதியாக நிகழ்வதால் சராசரியில் ஆற்றல் கூடுகிறது.

எனினும் இம்முறை மிக மெதுவானது. முகிலின் வேகம் ஒளிவேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எனில், ஒரு மோதலின் சராசரி ஆதாயம் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கே ஆகும். அண்டக் கதிர்களில் உள்ள கனமான அணுக்கருக்களை இக்கோட்பாடு எளிதில் விளக்கவில்லை என்பதைப் பெர்மியே குறிப்பிட்டார். 1953 இல் சுப்பிரமணியன் சந்திரசேகருடன் இணைந்து விண்மீன் பேரடையின் காந்தப்புலங்களை ஆராய்ந்தார்.

மறைவும் தாக்கமும்

பெர்மி வயிற்றுப் புற்றுநோயால் சிக்காகோவில் தமது 53 ஆவது அகவையில் காலமானார். 1961 இல் உலாம் என்னும் கணிதவியலாளர், இரு சுவர்களுக்கிடையே துள்ளும் பந்தாக இக்கருத்தை ஆராய்ந்தார். அசையும் சுவர் எழுமாறாக இயங்கினால் பந்தின் ஆற்றல் தொடர்ந்து பெருகும். சீராக, ஒழுங்கான கால இடைவெளியில் அசைந்தால் ஒரு வரம்பைத் தாண்டாது என்பது பின்னர் தெளிவானது. 1977-78 இல் அறிவியலாளர்கள் சிலர் மீயொளிர் விண்மீன் வெடிப்பின் அதிர்ச்சி அலைகளுக்கு இக்கருத்தைப் பொருத்தினர். அங்கு அலையின் இருபுறமும் எதிர் மோதல்களே நிகழ்வதால் முடுக்கம் விரைவாகிறது. அவ்வெடிப்பு எச்சங்களில் புரோத்தன்கள் முடுக்கப்படுவதற்கான சான்றை 2013 இல் வழங்கிய விண்வெளித் தொலைநோக்கியும் பெர்மியின் பெயரையே தாங்கியுள்ளது.