எம்.ஜி. என்ற இரண்டெழுத்து

பழைய நினைவுகளாக இல்லாமல், இப்போது படிக்கிற மாணவர்களும் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். நல்லதாப் போச்சு. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத நம் செட்டிலேயே பத்துப் பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். பெயர் செசில் கிம்பர்.

கார் உலகத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. மற்றவர்களுக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும் எம்.ஜி. என்ற இரண்டெழுத்து தெரியும். (தமிழ்நாட்டில் எம்.ஜி. என்றவுடன் மூன்றாவது எழுத்தைத் தேடுவோம். அது வேறு விஷயம்.) 2019-ல் ஹெக்டர் என்ற பெரிய வண்டியோடு இந்தியாவுக்குள் வந்ததே, அதே எட்டுக்கோண முத்திரைதான். இன்று அந்தப் பெயர் சீனக் கம்பெனி ஒன்றின் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் எம்.ஜி. என்றால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை மடங்குகிற, தரையோடு தரையாகப் போகிற குட்டி வண்டி. ரோட்ஸ்டர் என்பார்கள். மழை வந்தால் நனையும். பெட்டி வைக்க இடமில்லை. மாமியாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாது. எந்த விதத்திலும் உபயோகமில்லாத அந்த வண்டியைச் சாதாரண சம்பளக்காரன் வாங்கலாம் என்று ஆக்கியவர் கிம்பர்.

1888 ஏப்ரல் 12-ல் லண்டனில் பிறந்தார். குடும்பத் தொழில் அச்சு மை தயாரிப்பது. மான்செஸ்டர் பக்கத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு அப்பாவின் கம்பெனியிலேயே வேலை. நம்மைப் போல நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. இதை மெக்கானிக்கல் தம்பிகள் கவனிக்கவும். மோட்டார் சைக்கிள் பைத்தியம் மட்டும் இருந்தது. நண்பர் ஒருவரின் வண்டியை ஓட்டிப் போய் விபத்தில் சிக்கி, வலது கால் நொறுங்கிவிட்டது. கால் பிழைத்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. கடைசி வரை விந்தி விந்தித்தான் நடந்தார். நஷ்ட ஈடாக வந்த பணத்தைத் தன் தொழிலில் போடும்படி அப்பா கேட்டார், மகன் மறுத்துவிட்டார். அதோடு அப்பா மகன் உறவு முறிந்தது. 1913-ல் அவர் வாங்கிய முதல் கார் ஒரு சிங்கர். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கால் ஒத்துழைக்கவில்லை, கார் ஓட்ட ஒத்துழைத்தது. அந்தக் கால் சரியாக இருந்திருந்தால் அவர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1914-ல் அப்பாவின் கம்பெனியை விட்டார். இரண்டு மூன்று கார் கம்பெனிகளில் மாறி மாறி வேலை. உதிரி பாகங்கள் செய்த ரிக்லி என்ற கம்பெனியில் சொந்தப் பணத்தைப் போட்டு, அது நொடித்ததில் பெரும்பகுதி போச்சு. அந்த நிலையில்தான் 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற இடத்தில் சேல்ஸ் மேனேஜராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஜெனரல் மேனேஜர். எம்.ஜி. என்பது இந்த மாரிஸ் கராஜஸின் சுருக்கம்தான். கார் விற்று, ரிப்பேர் பார்த்துத் தருகிற ஒரு டீலர்ஷிப், அவ்வளவுதான்.

முதலாளி வில்லியம் மாரிஸ். சைக்கிள் ரிப்பேரில் தொடங்கி இங்கிலாந்தின் பெரிய கார் அதிபரானவர். பிற்பாடு நஃபீல்டு பிரபு. நம்ம ஊர் அம்பாசிடர் 2014 வரை தயாரானதே, அது 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்ததுதான். ஆகவே மாரிஸ் வண்டி எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை: உழைக்கும், படுத்தாது, பார்த்தவுடன் நெஞ்சு துடிக்காது.

கிம்பருக்கு அதுதான் குறை. மாரிஸ் சேசிஸை வாங்குவார். ஸ்பிரிங்கைத் தட்டையாக்கி வண்டியைத் தாழ்த்துவார். ஸ்டியரிங் ராடைச் சாய்ப்பார். மேலே அழகான பாடி ஒன்றை வெளியில் கட்டச் சொல்லி, இரண்டு வண்ணம் அடித்து, கூடுதல் விலைக்கு விற்பார். புது பைக் வாங்கிய இரண்டாம் மாதமே சைலன்சரையும் ஹேண்டில்பாரையும் மாற்றுகிற பையன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான் இல்லையா, அந்த ரகம். நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய யெஸ்டிக்கு ஒர்க்‌ஷாப் லேத்தில் என்னென்னவோ கடைந்து மாட்டியது என் நண்பர்களுக்கு நினைவிருக்கும். அது எங்களோடு போச்சு. கிம்பர் அதையே ஒரு கம்பெனியாக்கினார். விற்பவரின் கண்ணும் விளையாடுபவரின் கையும் ஒரே ஆளிடம் இருந்தது அவர் பலம்.

1925 ஈஸ்டர் சமயத்தில், தனக்கென்று ஒரு வண்டியைச் செய்துகொண்டு லண்டனிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரை போகும் போட்டியில் கலந்துகொண்டார். 1,548 சி.சி. இன்ஜின், ஒடிசலான, முதலில் மக்களுக்குச் சிரிப்பு வரவழைத்திருக்கக்கூடிய உடம்பு. தங்கப் பதக்கம் வாங்கிவிட்டது. பிறகு அந்த வண்டியை நண்பர் ஒருவருக்கே விற்றுவிட்டார். கம்பெனி அதைப் பல வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து மீட்டது. பழைய நம்பர் ஒன் என்று அதற்குப் பெயர். உண்மையில் அது முதல் எம்.ஜி. இல்லை; அந்தப் பெயரில் அதற்கு முன்பே வண்டிகள் விற்பனையாகிவிட்டன. எம்.ஜி. வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

பெரிய திருப்பம் 1928. மாரிஸ் அந்த வருஷம் மைனர் என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தார். 847 சி.சி. தான், ஆனால் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இருக்கிற நல்ல இன்ஜின். கிம்பர் விடுவாரா? மர பிரேமின் மேல் துணி போர்த்திய, படகு வால் மாதிரி பின்பக்கம் கூர்ந்த ஒரு பாடியை அதில் வைத்தார். அதுதான் எம்-டைப் மிட்ஜெட். விலை 175 பவுன். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளையின் சமாச்சாரம். இனிமேல் பேங்க் குமாஸ்தாவும் கனவு காணலாம். 3,000-க்கு மேல் விற்றது. இடம் போதாமல் 1929-ல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு, பக்கத்திலுள்ள ஆபிங்டன் என்ற ஊரில் ஒரு பழைய தோல் தொழிற்சாலைக்குக் குடியேறினார்கள்.

1932-ல் ஜே-2 வந்தது. என் கணக்கில் கிம்பரின் உண்மையான கையெழுத்து அதுதான். கை மடித்து வெளியே வைக்க வாகாக வெட்டிய கதவு, முன்னால் இரண்டு மேடு, பின்னால் செங்குத்தாக நிற்கும் பெட்ரோல் டேங்க், அதன் முதுகில் ஸ்டெப்னி. யாராவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் படம் வரையச் சொன்னால் குழந்தை கூட அந்த உருவத்தைத்தான் வரையும். இருபது வருஷத்துக்கு மேல் எம்.ஜி. அந்த உருவத்தை விடவில்லை. அதில் ஒரு வம்பும் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த வண்டி நன்றாக டியூன் செய்யப்பட்டிருந்ததால் மணிக்கு 80 மைலைத் தாண்டியது. அதைப் படித்துவிட்டு வாங்கியவர்களும் அதே வேகத்துக்கு அழுத்தினார்கள். கிராங்க் ஷாஃப்டைத் தாங்க இரண்டே பேரிங்! ஊர் ஊராகக் கிராங்க் ஒடிந்தது. விளம்பரம் செய்பவரும் வடிவமைப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் வருகிற சங்கடம் இது.

இப்போது நட்புக்கு வருகிறேன். 1930-ல் மிட்ஜெட் சொந்தக்காரர் ஒருவர், நாமெல்லாம் ஒன்றுசேர ஒரு கிளப் வேண்டாமா என்று கார் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அதே அக்டோபரில் லண்டனுக்கு வடக்கே ஒரு சத்திரத்தில் கூடிவிட்டார்கள். அப்படிப் பிறந்த எம்.ஜி. கார் கிளப்புக்குச் செயலாளர் ஆனவர் ஜான் தார்ன்லி, கணக்காளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த இளைஞர், மிட்ஜெட் வைத்திருந்தவர். கிளப்பைப் பார்த்துக்கொள்ள கம்பெனியில் ஒருவர் வேண்டும் என்று கிம்பரிடமே போய் வேலை கேட்டார். கிம்பர் வேலை கொடுத்தார். இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். காரை விற்றதோடு கதை முடிந்தது என்று மற்ற முதலாளிகள் நினைத்த காலத்தில், வாங்கினவனைக் கூட்டாளி ஆக்கலாம் என்று கண்டுகொண்ட வியாபாரி அவர். அந்தத் தார்ன்லி 1952-ல் ஆபிங்டன் தொழிற்சாலைக்கே தலைவரானார்!

அந்தக் கூட்டாளித்தனம் என்ன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2000-களில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். என்னோடு வேலை செய்த ஒருவர் வீட்டு ஷெட்டில் ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தார். சனிக்கிழமையானால் தபால்காரர் ஒருவர், ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர் என்று வந்து சேர்வார்கள். எல்லாரிடமும் ஆளுக்கொரு எம்.ஜி. வெல்டிங் ஒருவருக்கு வரும், ஒயரிங் இன்னொருவருக்கு வரும். டீச்சருக்கு கார்புரேட்டர். அந்த அம்மாள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, காற்று உறிஞ்சும் சத்தம் ஒன்றுபோல வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல இருக்கும். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் குட்மார்னிங்கைத் தாண்டி யாரிடமும் பேசியறியாத எனக்கு, கையில் ஸ்பேனரைக் கொடுத்தவுடன் பாஷை வந்துவிட்டது. எம்.ஜி.பி. 5 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி. சாதாரணப் பாகங்களால் ஆனதால் யாரும் பிரிக்கலாம், யாரும் மாற்றலாம். மாரிஸ் சாமானை வைத்தே செய்வது என்ற கிம்பரின் பழைய சூத்திரம்தான்.

பந்தயக் கதைகளை எழுதினால் மலர் போதாது. 1931 பிப்ரவரியில் ஜார்ஜ் அய்ஸ்டன் 750 சி.சி. எம்.ஜி.யில் மணிக்கு 100 மைலைத் தாண்டினார். அந்த அளவு இன்ஜினில் உலகத்திலேயே முதல் தடவை. 1933-ல் இத்தாலியின் மில்லே மிலியா போட்டியில் கே-3 வண்டிகள் குழுப் பரிசை வென்றன. அதே வருஷம் மகா வீரர் நுவோலாரி அல்ஸ்டரில் கே-3 ஓட்டி ஜெயித்தார். காலை விந்தி நடந்த மனிதரின் வண்டி, ஐரோப்பாவின் வேகமான கால்களுக்கடியில் இருந்தது.

ஒன்று மட்டும் கிம்பருக்குச் சொந்தமில்லை. கம்பெனி. மேனேஜிங் டைரக்டர் என்ற பெயர் இருந்தது, எம்.ஜி. மாரிஸின் தனிச் சொத்தாக இருந்தது. 1935-ல் அவர் அதைத் தன் பெரிய கம்பெனியான மாரிஸ் மோட்டார்ஸிடம் விற்றார். பந்தயப் பிரிவை இழுத்து மூடினார்கள். டிசைன் ஆபீஸ் ஆபிங்டனை விட்டுப் போனது. ஒரு ஆணிக்கும் மேலே கேட்க வேண்டும் என்ற நிலை. பதினாலு வருஷம் தன் குழந்தையாக வளர்த்ததை இன்னொருவர் பெயர் சொல்லி அழைப்பது எப்படி இருக்கும் என்பது, சொந்தமாகத் தொழில் தொடங்கி விற்றுவிட்ட நம் பழைய மாணவர்கள் சிலருக்குத் தெரியும்.

பிறகு போர் வந்தது. கார் உற்பத்தி நின்றது. ஆட்களும் மெஷினும் சும்மா இருக்கக் கூடாது என்று கிம்பர் தானே அலைந்து, ஆல்பமார்ல் என்ற போர் விமானத்தின் முன்பகுதியைச் செய்யும் ஆர்டரைப் பிடித்துவந்தார். தலைமையைக் கேட்காமல் செய்தது குற்றம் என்றாயிற்று. 1941 நவம்பரில், மேலிடத்திலிருந்து துணைத் தலைவர் மைல்ஸ் தாமஸ் வந்து ராஜினாமா செய்யச் சொன்னார். இருபது வருஷ உழைப்பு ஒரே நாளில் முடிந்தது. நாடு போரில் இருக்கும்போது வேலை கொண்டுவந்தவரை வெளியேற்றியது அநியாயம் என்பதுதான் என் கட்சி. கிம்பரிடமும் பணிந்து போகும் குணம் கிடையாது என்று எதிர்க்கட்சி சொல்வார்கள். அதுவும் உண்மைதான், பணிந்து போகிறவராக இருந்திருந்தால் முதலில் எம்.ஜி.யே வந்திருக்காதே.

சார்ல்ஸ்வொர்த் என்ற பாடி கட்டும் கம்பெனி, பிறகு ஸ்பெஷலாய்டு என்ற பிஸ்டன் கம்பெனி என்று வேலை பார்த்தார். 1945 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து லீட்ஸ் போகும் ரயிலில் ஏறினார். ஸ்டேஷனைத் தாண்டியவுடன் சுரங்கப் பாதை, ஏற்றம், புதிதாகப் போட்ட தண்டவாளம். சக்கரங்கள் வழுக்கின. இருட்டில் வண்டி பின்னோக்கி நகர்வது டிரைவருக்கே தெரியவில்லை. கடைசிப் பெட்டி தடம்புரண்டு சிக்னல் கம்பத்தில் மோதியது. இறந்தவர் இருவர், ஒருவர் கிம்பர். வயது 56.

அடுத்த சில மாதங்களில் போர் முடிந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே ஆபிங்டனிலிருந்து டி.சி. மிட்ஜெட் வெளிவரத் தொடங்கியது. அதே வெட்டுக் கதவு, அதே செங்குத்து டேங்க். மொத்தம் 10,000 வண்டிகள். சுமார் 2,000 அமெரிக்காவுக்குப் போனதும், அங்கே ரோட்ஸ்டர் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பின்னாளில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற ஃபில் ஹில் பந்தயம் பழகியது டி.சி.யில். கோப்ரா புகழ் கேரல் ஷெல்பி 1952-ல் முதன்முதலாகப் பந்தயத்தில் ஜெயித்ததும் ஒரு டி.சி.யில்தான், அதுவும் நண்பரிடம் இரவல் வாங்கியது! இன்ஜினைப் படிப்படியாக எப்படி முறுக்கேற்றலாம் என்று சொந்தக்காரர்களுக்குக் கம்பெனியே புத்தகம் போட்டுக் கொடுத்தது. இவை எதையும் பார்க்க அவர் இல்லை.

ஆபிங்டன் தொழிற்சாலையை 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அந்த இடத்தை ஒட்டி, எம்.ஜி. கார் கிளப்பின் ஆபீஸ் இருக்கிறது. தெருவின் பெயர் கல்லறைச் சாலை. கட்டடத்தின் பெயர் கிம்பர் ஹவுஸ்.